அமர்ந்து அருந்தும் தேநீர்

நமது நாட்டில் தேநீர் பெரும்பாலும் நின்றுகொண்டே அருந்தும் பானமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தின் அருகிலும், சந்தைத் தெருவின் முனையிலும், மருத்துவமனையின் வாயிலிலும் கொதிக்கும் பாய்லரும், வடிகட்டிப் பையும், கண்ணாடிக் குவளைகளும் இல்லாத இடமில்லை. கடைக்காரர் ஒரு கையை உயர்த்தி, மறுகையைத் தாழ்த்தி, ஒரு துளியும் சிந்தாமல் தேநீரை ஆற்றும் அழகைக் கண்டு நில்லாதவர் யார்? இரண்டு மூன்று நிமிடங்களில் குடித்து முடித்து, காசைக் கொடுத்துவிட்டு, அவரவர் தம் வழியே போய்விடுகின்றனர். கடையோரம் ஒரு பெஞ்சு கிடக்கும். அங்கே ஒரே நாளிதழ் நான்கு தாள்களாகப் பிரிந்து நால்வர் கையில் இருக்கும். அந்நால்வரும் ஆண்களாகவே இருப்பர். நமது தேநீர்க்கடைகளுக்கு அவற்றிற்கே உரிய உயிரோட்டமும் நட்பும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தேநீரை ஆற அமர அருந்துவதற்கென்றே ஒரு நகரம் தனி அறைகளைக் கட்டிவைத்தது என்பதும், அவ்வறைகளால் அந்நகர மக்களின் வாழ்வே ஓரளவு மாறிற்று என்பதும் குடும்பத்தார் அனைவரும் அறியத்தக்க செய்தியாகும். அந்நகரம் ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கிளாஸ்கோ.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடைக்காலத்தில், அந்நகரப் பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்றிருந்த குருவானவருக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. கோடை என்பது பெயரளவில்தான். காலையில் வெயில், பத்து மணிக்குத் தூறல், நண்பகலில் காற்றோடு மழை, மாலையில் மீண்டும் வெயில் என வானம் நாளுக்கு நான்கு முறை மனம் மாறும் ஊர் அது. காலைத் திருப்பலி முடிந்தபின் நண்பகல் வரை நமக்கு ஓய்வு இருந்தது. குடையும் கையுமாக நகரைச் சுற்றி வந்தோம். மழை வலுத்தபோதெல்லாம் நாம் ஒதுங்கிய இடங்கள் தேநீர்க் கூடங்களே.

அக்கூடங்களின் இனிமையை எவ்வாறு எழுதுவது? கதவைத் திறந்ததும் கண்ணாடியில் நீராவி படர்ந்திருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் வேகும் மணம் வரவேற்கும். நனைந்த மேலங்கியை மாட்டுவதற்கு ஓர் ஆணி, குடையை வைப்பதற்கு ஒரு சாடி, அமர்வதற்குச் சிறிய மேசை. தேநீர் குவளையில் வருவதில்லை, கெண்டியில் வரும். அதன் சூடு தணியாதிருக்கக் கம்பளியால் பின்னிய குல்லாய் ஒன்று கெண்டிக்குப் போர்த்தப்பட்டிருக்கும். பாலுக்கு ஒரு சிறு குடுவை, சாயம் மிகுந்தால் கலந்துகொள்ள வெந்நீருக்கு வேறொரு குடுவை. உடன் ஒரு தட்டில் ஸ்கோன். இது நமது பன்னுக்கும் பிஸ்கோத்துக்கும் இடைப்பட்ட ஒரு பண்டம். சூட்டோடு இரண்டாகப் பிளந்து, வெண்ணெயும் பழப்பாகும் தடவி உண்பர். ஒரு கெண்டியில் இரண்டரைக் கோப்பை தேநீர் இருக்கும். அதை அரைமணி நேரம் அருந்தலாம்; ஒன்றரை மணி நேரமும் அருந்தலாம். இன்னும் எழவில்லையே என்று எவரும் முகம் சுளிப்பதில்லை. பரிமாறும் பெண் ஒருமுறை வந்து, கூடுதல் வெந்நீர் வேண்டுமா என்று மட்டும் கேட்பாள்.

இத்தகைய கூடங்கள் பொழுதுபோக்கிற்காக மட்டும் தோன்றியவை அல்ல. அவற்றின் வரலாறு ஒரு துன்பத்திலிருந்து தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ பெரும் தொழில் நகரமாக வளர்ந்தது. பஞ்சாலைகளும், இரும்பாலைகளும், இரயில் எஞ்சின் தொழிற்சாலைகளும் பெருகின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் கட்டப்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அந்நகரின் வழியே ஓடும் கிளைடு ஆற்றங்கரையில் உருவாயிற்று. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மக்கள் ஒற்றை அறைகளிலும் இரட்டை அறைகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வேலை முடிந்த தொழிலாளி கால் நீட்டி அமர்வதற்கு வீட்டில் இடமில்லை. நகரில் வெளிச்சமும் வெப்பமும் நாற்காலியும் உள்ள ஒரே இடம் மதுக்கடையாக இருந்தது. கூலி அங்கே கரைந்தது, குடும்பங்கள் அழிந்தன.

1829-ஆம் ஆண்டில் ஜான் டன்லப் என்பார் ஸ்காட்லாந்தில் மதுவிலக்குச் சங்கங்களைத் தொடங்கினார். 1842 ஆகஸ்டில் அயர்லாந்தின் கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூ கிளாஸ்கோவிற்கு வந்து, திரள் திரளாகக் கூடிய மக்களிடம் மதுவைத் தொடமாட்டோம் என்னும் உறுதிமொழியைப் பெற்றார். ஆயினும் உறுதிமொழி எடுத்தவன் மறுநாள் மாலை எங்கே போய் அமர்வான்? 'அங்கே போகாதே' என்று சொல்வது எளிது. 'இங்கே வா' என்று சொல்வதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை உருவாக்குவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

ஸ்டூவர்ட் கிரான்ஸ்டன் என்னும் தேயிலை வணிகர் 1875-இல் தமது கடையிலேயே சில மேசைகளை இட்டார். தேயிலை வாங்க வருவோர் அமர்ந்து ஒரு கோப்பை சுவைத்துப் பார்க்கவும், விரும்பினால் ரொட்டியும் கேக்கும் விலைக்கு வாங்கி உண்ணவும் வழி செய்தார். கிளாஸ்கோவின் தேநீர்க் கூடங்களுக்கு இதுவே தொடக்கம் என்பர். அவருடைய தங்கை கேத் கிரான்ஸ்டன் அம்மையார் 1849-இல் பிறந்தவர். 1878-இல், தமது இருபத்தொன்பதாம் வயதில், ஆர்கைல் தெருவில் தமக்கென ஒரு கூடத்தைத் திறந்தார். ஒரு பெண் தனித்து வணிகம் நடத்துவதை உறவினரும் ஊராரும் விரும்பாத காலம் அது. அம்மையாரோ ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தெருக்களில் கூடங்களை அமைத்தார். 1892-இல் மணம் முடித்த பின்னரும் 'மிஸ் கிரான்ஸ்டன்' என்னும் பெயரிலேயே தொழிலை நடத்தினார். ஊருக்கு அப்பெயரே தூய்மைக்கும் தரத்திற்கும் முத்திரையாகிவிட்டிருந்தது.

அம்மையாரின் கூடங்களில் புகழ்பெற்றது 1903-இல் சாக்கிஹால் தெருவில் திறக்கப்பட்ட வில்லோ தேநீர்க் கூடம். அத்தெருவின் பெயருக்கே பழைய ஸ்காத்து மொழியில் 'வில்லோ மரங்கள் நிற்கும் புல்வெளி' என்பது பொருளாம். ஆற்றோரங்களில் வளைந்து தொங்கும் அம்மரத்தின் வடிவையே கருத்தாகக் கொண்டு கட்டடத்தை முழுமையாக மாற்றி அமைத்தவர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் என்னும் கட்டடக் கலைஞர். அவருக்குத் துணை நின்றவர் அவருடைய மனைவியும் ஓவியருமான மார்கரெட் மெக்டொனால்டு. நாற்காலி, மேசை, விளக்கு, கதவின் கண்ணாடி எனக் கண்ணில் படும் அனைத்தையும் அவர்களே வடிவமைத்தனர். தரைத்தளத்தின் முன்பக்கத்தில் பெண்களுக்கான தேநீர் அறை; பின்பக்கத்தில் மதிய உணவு அறை; அதன்மேல் ஒரு மாடம். முதல் மாடியில் தெருவை நோக்கி, வெள்ளி நிறம் பூசிய உயர்ந்த முதுகுடைய நாற்காலிகளும், ஊதா நிறத் திண்டுகளும், ஈயக் கோடிட்ட கண்ணாடிகளும் அமைந்த அழகிய அறை. அங்கே தேநீரின் விலை மற்ற அறைகளைவிடச் சற்றே கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலே ஆண்கள் புகைபிடிக்கவும் பந்தாடவும் தனி அறைகள்.

பெண்களின் அறை வாயிலருகே அமைந்ததையும், ஆண்களின் அறைகள் மாடியின் உச்சிக்குப் போனதையும் கவனியுங்கள். அக்காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி கடைத்தெருவுக்கு வந்தால், பசித்தாலும் களைத்தாலும் துணையின்றி உட்காரத்தக்க இடம் நகரில் எங்கும் இல்லை. உணவகங்களும் மதுக்கடைகளும் ஆண்களின் உலகம். தேநீர்க் கூடத்திலோ ஒரு தாய் தன் மகளோடு வந்து அமரலாம். தட்டெழுத்துப் பணி செய்யும் இளம்பெண் தனியே வந்து மதிய உணவு உண்ணலாம். எவரும் ஏறிட்டுப் பாரார். பரிமாறும் பணியிலும் பெண்களே அமர்த்தப்பட்டனர்.

1917-இல் கணவர் காலமானபின் கிரான்ஸ்டன் அம்மையார் தொழிலிலிருந்து விலகினார். 1934-இல் இறையடி சேர்ந்தார். வில்லோ கூடம் பின்னர் ஒரு பெருங்கடையின் பகுதியாகிப் பல்லாண்டு மறைந்திருந்தது. 1983-இல் அதன் முதல் மாடி அறையில் மீண்டும் தேநீர் பரிமாறப்பட்டது. 2014-இல் ஓர் அறக்கட்டளை கட்டடத்தை வாங்கிப் பழைய வடிவில் புதுப்பித்து 2018-இல் திறந்தது. 2024 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதனை ஏற்று நடத்துகிறது. 2020-இல் ஸ்காட்லாந்து ராயல் வங்கி வெளியிட்ட 20 பவுண்டு நோட்டில் தேநீர் விற்ற இவ்வம்மையாரின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. படைத்தலைவர்களும் பாவலர்களும் இடம்பெறும் பணத்தாளில், களைத்தோர் அமர நாற்காலி இட்டவர் ஒருவர் இடம்பெற்றது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

அந்நகரில் வேறொரு வகைக் கடைகளும் உண்டு. அவை இத்தாலியர் நடத்திய கஃபேக்கள். தஸ்கனியின் பார்கா பகுதியிலிருந்தும், உரோமைக்குத் தெற்கேயுள்ள மலையூர்களிலிருந்தும் வறுமையால் புறப்பட்டு வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், தொடக்கத்தில் தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்றன. பின்னர் சிறு கடைகளை அமைத்தன. 1918-இல் பைரஸ் சாலையில் திறக்கப்பட்ட யூனிவர்சிட்டி கஃபே அவற்றுள் ஒன்று. இக்கடைகளும் மது விற்காதவை. ஞாயிற்றுக்கிழமையிலும் இவை திறந்திருந்தமையாலும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்தமையாலும் அந்நாளைய பெரியோர் பலர் இவற்றைக் கண்டித்தனர். ஏழைப் பிள்ளைகளுக்கோ ஒரு பென்னிக்கு வெளிச்சமும் இனிப்பும் சிரிப்பும் கிடைத்த இடம் இவைதாம்.

1940 ஜூன் 10-ஆம் நாள் இத்தாலி போரில் குதித்தது. அன்றிரவே கூட்டத்தார் திரண்டு இக்கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கினர். நேற்றுவரை தம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் தந்த மனிதர் ஒரே இரவில் எதிரியானார். இத்தாலிய ஆண்கள் பலர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பலரையும் ஜெர்மானியக் கைதிகளையும் ஏற்றிக்கொண்டு கனடாவிற்குப் புறப்பட்ட 'அரண்டோரா ஸ்டார்' என்னும் கப்பலை, ஜூலை 2-ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. மாண்டோர் 800-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் இத்தாலியர். கிளைடு ஆற்றை நோக்கி நிற்கும் புனித அந்திரேயா பேராலயத்தின் அருகே, இத்தாலிய வழிவந்த பேராயர் மாரியோ கோன்டி அவர்களின் காலத்தில், 2011-இல் அவர்களுக்கு ஒரு நினைவுத் தோட்டம் அமைக்கப்பட்டது. தஸ்கனியிலிருந்து வந்த ஒலிவமரம் ஒன்று அங்கே நிற்கிறது. அம்மழையூரில் ஒலிவமரம் தழைப்பதைக் கண்டு சற்று நேரம் நின்று செபித்தோம். பிறர் அமர்வதற்கு இடம் தந்தவர்கள், தாம் குடியேறிய ஊரில் தமக்கென நிலையான இடமின்றி மாண்டனர். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது மீண்டும் தூறல் தொடங்கியிருந்தது.

அன்றைய தினம் நாம் நுழைந்த தேநீர்க் கூடத்தில் மேசைகள் யாவும் நிரம்பியிருந்தன. எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் தம் மேசையில் எதிர் நாற்காலியைக் காட்டி அமரச் சொன்னார். நமது கழுத்துப்பட்டையைக் கண்டதும், "நனைந்துவிட்டீர்களே, ஃபாதர்" என்று பரிவோடு தம் கெண்டியிலிருந்தே முதற் கோப்பையை ஊற்றித் தந்தார். ஓய்வுபெற்ற செவிலியர், கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆயின, மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒவ்வொரு வியாழனும் பேருந்தேறி இங்கு வந்துவிடுவாராம். வீட்டிலேயே நல்ல தேயிலை இருக்குமே என்றோம். "தேயிலை இருக்கிறது. ஒருத்திக்கு மட்டும் கெண்டியில் தேநீர் வைப்பதுதான் கடினமாக இருக்கிறது" என்றார். அதன்பின் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

பின்னர் அவர், நமது ஊரில் தேயிலை விளையுமா என்று கேட்டார். அதற்கு விடை சொல்லப் புகுந்தபோதுதான், அந்நகரத்திற்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவை முழுமையாக எடுத்துச்சொல்ல வாய்ப்பு அமைந்தது. இலங்கையில் முதன்முதலாக வணிகத்திற்கெனத் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டார். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் அந்நாட்டின் காப்பித் தோட்டங்களை அழிக்க, மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின. கிளாஸ்கோவில் பிறந்து, 1871-இல் அங்கேயே மளிகைக்கடை தொடங்கிய தாமஸ் லிப்டன், 1890-இல் இலங்கைக்குச் சென்று தோட்டங்களை வாங்கி, தேயிலையை ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் பொட்டலங்களில் விற்றார். மூணாறு மலையிலுள்ள கண்ணன் தேவன் தோட்டங்களை உருவாக்கியதும் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனமே. அத்தோட்டங்களில் எல்லாம் கொழுந்து பறித்த கைகள் தமிழரின் கைகள். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டு, கங்காணியின் சொல்லை நம்பி, மன்னார் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறியவர்கள் அவர்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் மடிந்தோர் எண்ணற்றோர்.

மூதாட்டியிடம் ஒரு கணக்கையும் சொன்னோம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறித்தால், அது 4 கிலோ தேயிலையாகும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று கொண்டால், அவ்வொருத்தியின் ஒருநாள் உழைப்பு 2,000 கோப்பைத் தேநீர். இக்கூடத்தில் உள்ளோர் அனைவரும் பல நாள்கள் அருந்துவதை, சரிவில் நின்றபடி, முதுகில் கூடையைச் சுமந்தபடி, ஒரு பெண் ஒரே நாளில் பறித்துவிடுகிறாள். மூதாட்டி தம் கோப்பையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் சிறிது தேநீர் ஆறிக் கிடந்தது. "அப்படியானால் இதை மிச்சம் வைக்கக்கூடாது" என்று சொல்லி அதனைக் குடித்து முடித்தார்.

அச்சொல்லைக் கேட்டதும் நீலகிரியில் நாம் பணியாற்றிய நாள்கள் நினைவில் எழுந்தன. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களைக் கேளாமலேயே மக்களைப் பங்கிட்ட கணக்கு அது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல நமது பங்கில் இருந்தன.

அவர்களுள் ஒரு தாய், ஹப்புத்தளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம், இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சாமி. நின்னுக்கிட்டுக் குடிச்சா அது தேத்தண்ணி இல்ல, மருந்து" என்பார். ஒருநாள் அதன் பொருளை அவரே விளக்கினார். பன்னிரண்டு வயதில் கூடை எடுத்தவர். மலையில் பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும். கூடையை இறக்க நேரமிராது. சரிவில் நின்றபடியே, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு மீண்டும் நிரையில் சேரவேண்டும். "நல்ல தூளெல்லாம் பொட்டியில ஏறி எங்கேயோ போயிரும் சாமி. எங்களுக்குத் தூசிதான். அதை எந்த ஊருல யாரு குடிக்கிறாங்களோன்னு நெனச்சுக்குவேன். அவுங்களாவது உக்காந்து குடிக்கட்டும்" என்றார். அச்சொல்லில் கசப்பு இல்லை. அவர் வாழ்த்திய அந்த 'எங்கேயோ' இந்த ஊர்தானே என்று, கம்பளிக் குல்லாய் அணிந்த கெண்டிகளுக்கு நடுவே அமர்ந்திருந்தபோது நமக்குத் தோன்றிற்று. அத்தாயை இறைவன் அழைத்துக்கொண்டு சில ஆண்டுகள் ஆயின. மூதாட்டியிடம் அவரைப்பற்றியும் சொன்னோம். பெயரைக் கேட்டு ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். தம் செபங்களில் சேர்த்துக்கொள்வதற்காக.

நாடு திரும்பியபின் நமது பங்குப் பேரவையில் ஒரு சிறு கருத்தை முன்வைத்தோம். நமது பங்கு சமவெளியில் உள்ளது. பதினோரு கிளைக் கிராமங்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலி ஒன்பதரை மணிக்கு முடியும். கிராமங்களுக்குச் செல்லும் பேருந்து பதினொன்றே கால் மணிக்குத்தான். அதுவரை ஆண்கள் கடைவீதித் தேநீர்க்கடையில் பொழுது கழிப்பர். பெண்களும் முதியோரும் கைப்பிள்ளைக்காரிகளும் நிழற்குடையில் கால் மாற்றி நிற்பர். கோவில் வளாகத்து வேப்ப மரத்தடியில் நீண்ட பெஞ்சுகளை இட்டு, அன்பியங்கள் முறை வைத்துத் தேநீர் வழங்கினால் என்ன என்று கேட்டோம். பொருளாளர் கணக்குப் போட்டார். நூறு குவளைக்கு ஆறேழு லிட்டர் பால், கால் கிலோவுக்கும் குறைவான தேயிலை, இரண்டு கிலோ சர்க்கரை. செலவு பெரிதன்று. எனினும் ஒரு பெரியவர் எழுந்து, "சாமி, கோவிலைக் கடையாக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விற்பனை இல்லை, உண்டியலும் வைப்பதில்லை, விருந்தினருக்கு வீட்டார் தருவதுபோலத் தருவதே முறை என்று முடிவு செய்தோம். அப்பெரியவரே முதல் வாரத்துப் பாலுக்குப் பணம் கொடுத்தார்.

மூன்று ஆண்டுகளாக இது நடைபெற்று வருகிறது. பெரிய புதுமைகள் எவையும் நிகழ்ந்துவிடவில்லை. ஆனால் பெயர் தெரியாதிருந்த கிராமத்தார் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். பெண் பார்க்கும் செய்திகளும், விதைநெல் கைமாற்றும், கல்லூரி விண்ணப்பம் எழுதும் உதவியும் அந்த பெஞ்சுகளில் நடக்கின்றன. குடிப்பழக்கத்தை விட முயலும் இளைஞர் ஒருவர், ஞாயிறு காலை பழைய நண்பர்கள் கூப்பிடும் நேரத்தில் இங்கே வந்து அடுப்பருகே நிற்பதாகச் சொன்னார். சில வாரங்களில் அவர் வருவதில்லை. அடுத்த வாரம் மீண்டும் வருவார். அவருக்கென ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. மக்கள் வெளிநாட்டில் வாழும் முதியவர் ஒருவர், கடைசிக் குவளையைக் கழுவி அடுக்கும் வரை வீட்டுக்குப் போவதில்லை. "வீட்டுல கழுவுறதுக்கு ஒரு டம்ளர்தானே சாமி இருக்கு" என்றார். கிளாஸ்கோ மூதாட்டி சொன்னதை அவர் அறியார்; இருவரும் சொன்னது ஒன்றே.

இதனை வாசிக்கும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கிளாஸ்கோவிற்குப் போக உங்களுக்கு வாய்ப்பு அமையலாம், அமையாமலும் போகலாம். வில்லோ மரச் சித்திரமும் வெள்ளி நாற்காலியும் நமது வீடுகளில் இல்லை. ஆனால் நமது வீடுகளில் மாலை வேளையில் தேநீர் உண்டு. தந்தை நாளிதழோடு அமர்ந்து அருந்துகிறார். பிள்ளைகள் புத்தகத்தின்முன் அமர்ந்து அருந்துகின்றனர். பாட்டி திண்ணையில் அமர்ந்து அருந்துகிறார். தேநீர் போட்ட தாயோ அடுப்படியில் நின்றபடி, ஆறிப்போன மிச்சத்தை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். வாரத்தில் ஒருநாளாவது, ஞாயிறு மாலையிலாவது, அவருக்கு ஒரு நாற்காலியைப் போடுங்கள். பிள்ளைகளுள் ஒருவர் தேநீர் வைக்கட்டும். சாயம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. அவர் அமர்ந்து குடித்து முடிக்கும் வரை எவரும் எழவேண்டாம்.